மொட்டை லைனும் பெத்லகேம் மணலும்

நம் சந்திப்பில் வெளியிடப்போகும் வகுப்பு மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இதுவரை வந்தவற்றையெல்லாம் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் அந்த வேனைப் பற்றியவைதான். ஆளில்லாத ரயில்வே கிராசிங்குக்குச் சற்று முன்னால் நம் ஸ்கூல் வேன் ஏன் நின்றது என்ற சண்டை இத்தனை வருஷம் கழித்தும் தீரவில்லை. டிரைவர் அண்ணன் பீடி பற்றவைக்க நிறுத்தினார் என்கிறாள் ஒருத்தி. எருமை குறுக்கே வந்தது என்கிறாள் இன்னொருத்தி. கடைசி சீட்டில் வாந்தி எடுத்தது நான்தான், எல்லோரையும் காப்பாற்றியது என் வாந்திதான் என்று ஒருத்தி பெருமையாக எழுதியிருக்கிறாள். அவள் சொல்வதுதான் உண்மையாக இருக்கும். அவள் எந்த நாளில்தான் வாந்தி எடுக்காமல் வீடு போய்ச் சேர்ந்தாள்?

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறீர்கள். இன்ஜின் இல்லாத மூன்று வேகன்கள் வளைவில் திரும்பி வந்து வேனின் மூக்குக்கு முன்னால் கடந்து போயின. டிப்போவில் வேலை பார்த்த ஒரு சோம்பேறி லீவரைக் கம்பியால் கட்டிப்போட்டுவிட்டு அவிழ்க்க மறந்ததுதான் காரணம்.

அந்தச் சோம்பேறி என் அப்பா. அது உங்களுக்குத் தெரியும், என் மனசு நோகக்கூடாது என்று யாரும் பெயரைச் சொல்லவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல், நான் வேனில் வரவில்லை. அதுவும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அது இரண்டு பக்கத்தில் அடங்காது. டஸ்டர் கீழே விழுந்தாலே அலறுகிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தப் பயந்தாங்கொள்ளிதான் இன்னும் நான்.

நீங்கள் டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸில் இருந்தீர்கள். வேப்பமரம், கொய்யாமரம், ஒரே மாதிரி வீடுகள், பர்மனென்ட் அப்பாக்கள். நாங்கள் வெளியே, ஒரு தனியார் கான்ட்ராக்டர் நடத்திய கரி டிப்போவை ஒட்டிய லைன் வீடுகளில் இருந்தோம். லாரியில் வரும் பழுப்பு நிலக்கரியை அங்கே வேகனில் ஏற்றி அனுப்புவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பதினான்கு வீடுகள். துணி காயப்போட்டால் எடுக்கும்போது தட்டித்தான் எடுக்க வேண்டும். என் வெள்ளைச் சட்டை எப்போதும் உங்கள் சட்டையைவிட ஒரு சாயல் மங்கலாக இருந்தது அதனால்தான், சோப்பு வாங்க வக்கில்லாமல் இல்லை.

டிப்போ மேட்டில் இருந்தது. அங்கிருந்து வெளியே போக ஒரே தண்டவாளம். அது சரிவில் இறங்கி வந்து ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். வலது பக்கத்து லைன் வளைந்து போய், உங்கள் தார் ரோட்டைக் கிராசிங்கில் கடந்து, பெரிய லைனோடு சேரும். இடது பக்கத்து லைன் நேராக வந்து எங்கள் வீடுகளுக்குப் பின்னால் முடிந்துவிடும். அதற்கு மேல் போக இடமில்லை. அதனால் அதை மொட்டை லைன் என்று சொல்வோம்.

லைன் பிரியும் இடத்தில் ஒரு லீவர், அதன் தலையில் ஓர் இரும்புக் குண்டு, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் என் அப்பாவுக்கு வேலை. வண்டி வெளியே போகும்போது குண்டைத் தூக்கி வலது பக்கம் தள்ளி, கடைசி வேகன் தாண்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை எடுத்தால் குண்டு தானாக இடது பக்கம் விழுந்துவிடும். நீளமான வண்டி என்றால் கால் மணி நேரம்கூடப் பிடித்திருக்க வேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் மற்ற ஷிப்ட் ஆட்கள் சூப்பர்வைசர் பார்க்காத நேரத்தில் லீவரைக் கம்பியால் முளையோடு கட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அப்பா கட்டமாட்டார். அவருக்கு வாழ்க்கையில் பெருமையடித்துக்கொள்ள இருந்தது இது ஒன்றுதான்.

“என் ஷிப்ட்டுல கம்பின்னு ஒண்ணு கெடயாது. கையிதான்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா உள்ளேயிருந்து, “கையி வலிக்குதுன்னு தைலம் தேய்க்கறது யாரு?” என்பாள்.

மொட்டை லைனை முந்திரித் தோப்பு மறைத்திருந்தது. பெரிய புயலில் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க விறகு வெட்டித் தீர்த்தார்கள். அடுத்த வருஷ மழைக்காலத்தில், நாம் ஆறாவது படித்தபோது, வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் வெட்டவெளியில் அந்த லைன் கிடந்தது. முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கிருந்தோ நம் வீட்டுக்கு வர வழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள், பொய் சொல்வதில் பத்து வயது பெரியவள்.

“செத்தவங்கள ஏத்திகினு வர்ற லைன்டி இது” என்றாள். “அந்தக் காலத்துல கொள்ளநோய் வந்துச்சி இல்ல, அப்ப பொணத்தயெல்லாம் வேகன்ல போட்டு இங்க தள்ளிவுடுவாங்களாம். கடேசில மண்ணு குமிச்சிருக்கே, அதான் சமாதி.”

கடைசியில் உண்மையிலேயே மண் இருந்தது. லைன் முடிவதற்கு முன்னால் நாற்பது ஐம்பது தப்படிக்குத் தண்டவாளமே தெரியாதபடி மணலை நிரப்பி மேடு கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் இல்லை. வெள்ளாற்று மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். மணலுக்கு அப்பால் பழைய கட்டைகளைக் குறுக்கே அடுக்கியிருந்தார்கள், அவையும் கரையான் அரித்தவை. அதற்கு அப்பால் முள்வேலி. முள்வேலிக்கு அந்தப் பக்கம் என் அத்தை வீட்டுப் பின்கட்டு.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா சிங்கப்பூரில் இருந்தார். அத்தைக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்து தலை நிற்காமல் இருந்தது. வீட்டுக்குள் புழுக்கம் என்று வேலியோரத்துப் பூவரசங்கிளையில் தூளி கட்டி, பகலெல்லாம் குழந்தையை அங்கேதான் போட்டிருப்பாள்.

சமாதி என்று கேட்ட பிறகு எனக்கு அந்த மணலைப் பார்க்கவே பயம். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பயந்தவர்களுக்குப் பயப்படுகிற பொருளை விட்டுக் கண் நகராது. பள்ளி விட்டு வந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து அதையே பார்ப்பேன். அம்மா, “அங்க போவாத, பாம்பு கெடக்கும்” என்பாள். சொல்லிவிட்டு அவளே அந்த மணலில் மிளகாய் காயப்போட்டுவிட்டு வருவாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மொட்டை லைன் முழுக்கத் துரு. ஆனால் லைன் பிரிகிற இடத்தில், லீவரோடு சேர்ந்து அசைகிற இரண்டு இரும்பும் பளபளவென்று இருந்தன. ஒரு திங்கட்கிழமை அப்பா டப்பாவும் குச்சியுமாக உட்கார்ந்து அவற்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

“ரயிலே வராத லைனுக்கு எதுக்குப்பா கிரீஸு?”

“ரூலு பாப்பா. திங்கக்கெழமன்னா கிரீஸு. வண்டி போனதும் குண்ட மொட்ட லைன் பக்கம் வுட்டுடணும். எனக்கு முந்தி இருந்தவரு சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னாங்களோ.”

“ஏன் அந்தப் பக்கமே வுடணும்?”

“சூப்பர்வைசர நானும் ஒருக்கா கேட்டேன். சொன்ன வேலயச் செய்யின்னாரு.”

அன்றிலிருந்து சிநேகிதியின் பிணக்கதை போய் வேறு பயம் பிடித்துக்கொண்டது. பிணத்துக்கு யாரும் கிரீஸ் போடமாட்டார்கள். இந்த லைன் எதற்காகவோ தயாராக இருக்கிறது. வெளியே போகும் வழியை அப்பா கையால் பிடித்துத் திறக்க வேண்டியிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வரும் வழியோ எப்போதும் திறந்தே கிடக்கிறது. எதற்கு? எனக்குச் சோறு இறங்கவில்லை. மெலிந்துபோய்விட்டேன் என்று கணக்கு டீச்சர் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா? பூச்சி இல்லை, இதுதான்.

இந்தப் பயத்தோடு நான் ஒதுங்கியிருந்தால் நல்லவளாக இருந்திருப்பேன். டிசம்பர் வந்தது, குடில் போட்டி வந்தது. பங்கில் இருக்கிற ஒவ்வொரு அன்பியமும், அதாவது பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்த ஒவ்வொரு குழுவும், கிறிஸ்து பிறப்புக் குடில் கட்ட வேண்டும், நல்ல குடிலுக்குப் பரிசு என்று பங்குச் சாமியார் அறிவித்தார். டவுன்ஷிப்புக்குள் இருக்கிற அன்பியங்களுக்கு சீரியல் பல்பும் பெரிய சொரூபங்களும் உண்டு. எங்கள் லைன் வீட்டு அன்பியத்துக்கு எதுவும் கிடையாது. எல்லாரும் எங்கள் சிற்றாலயத்தின் முற்றத்தில் கூடி யோசனை செய்தார்கள்.

“பெத்லகேம் பாலவனம் மாதிரி பண்ணலாம். மொட்டை லைன்ல அவ்ளோ மணலு இருக்குதே” என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் என்னுடையதுதான்.

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்த மணல் குறையட்டும், அந்த மேடு கண்ணில் படாமல் போகட்டும் என்று நினைத்தேன். பெரியவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா, “எடுத்துக்கலாம், யாருக்கும் ஒதவாத மணலு” என்று முதல் சாக்கை அவரே தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் பக்கெட்டில் அள்ளினோம். ஆண்கள் சாக்கில் அள்ளினார்கள். சாயம் போட்ட சாக்குத் துணியில் மலை, கிண்ணத்தில் முளைக்கவைத்த கேழ்வரகில் புல்வெளி, மற்ற இடமெல்லாம் மணல். ஒட்டகத்தின் பாதம் புதைகிற அளவுக்கு மணல். முதல் பரிசு எங்களுக்கு. சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள், சாமியார் என் கன்னத்தைக் கிள்ளினார். மொட்டை லைனில் தண்டவாளம் துருப்பிடித்த முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே தெரிந்தது.

புத்தாண்டு கழிந்த மறுநாள். கோயில் பக்கத்துச் சரிவில் காய்கறித் தள்ளுவண்டி ஒன்று வியாபாரி கையிலிருந்து நழுவி ஓட ஆரம்பித்தது. முட்டைக்கோஸும் தராசும் குதிக்கக் குதிக்க அது வேகம் பிடித்தது. கீழே ரோட்டில் ஜனம். “மண்ணுல வுடு! மண்ணுல வுடுய்யா!” என்று யாரோ கத்தினார்கள். அங்கே வீடு கட்ட மணல் கொட்டியிருந்தது. டீக்கடை அண்ணன் ஓடிவந்து வண்டியை ஓர் உதை விட்டார். அது திரும்பி மணலில் புகுந்தது. சக்கரம் பாதி புதைந்து, முனகிவிட்டு, நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை யாரும் சொல்லித் தரவில்லை. டிப்போ மேட்டில் இருக்கிறது. வேகன் நழுவினால் சரிவில் ஓடிவரும். அது கிராசிங்குக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் குண்டு எப்போதும் இந்தப் பக்கம் விழுகிறது, அதற்காகத்தான் கிரீஸ், அதற்காகத்தான் எங்கிருந்தோ ஆற்று மணலைக் கொண்டுவந்து தண்டவாளத்தை மூடியிருக்கிறார்கள். ஓடிவருகிற வேகன் மணலில் புதைந்து நிற்க வேண்டும். அந்த மணல் இப்போது சிற்றாலய முற்றத்தில் ஒட்டகங்களுக்குக் கீழே கிடக்கிறது. இனி வேகன் வந்தால் நிற்காது. கரையான் கட்டை, முள்வேலி, பூவரசு, தூளி.

நடு ரோட்டில் எனக்குச் சிறுநீர் போய்விட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

முதலில் சாமியாரிடம்தான் போனேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, டிப்போ மணலை எடுத்துவிட்டோம் என்றேன். உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. “குடிலுக்குத்தானம்மா எடுத்தீங்க. மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு” என்றார். சொன்னேன். முப்பது தடவை சொன்னேன். பயம் போகவில்லை.

பிறகு அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். “எங்க பாப்பா இன்ஜினியரு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் ட்யூட்டிக்குப் போகிற வழியில் அவர் மொட்டை லைனில் இறங்கி, மணல் இருந்த இடத்தைத் தப்படி போட்டு அளந்துகொண்டே போனதைப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் என்னைப் போலவே பயப்படுகிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. பயம் இரண்டு மடங்கானது.

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லுப்பா.”

“சொன்னா யாரு எடுத்ததுன்னு கேப்பாங்க. பதினாலு வூட்டு ஆம்பளைங்களுக்கும் டிப்போ கேட்டு வாசல்லயே சீட்டு கிழியும்” என்றார். “மூணு ராஜா திருநாள் முடிஞ்சதும் குடில பிரிச்சிடுவோம். அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம நாங்க நாலு பேரு சேந்து சாக்குல கொண்டாந்து கொட்டிடறோம். நீ அந்தப் பக்கம் போவாத. சத்தியமா போவாத.”

அத்தையிடம் போய், தூளியை வாசல் பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னேன். காரணம் சொல்ல அப்பா விடவில்லை. “வாசப்பக்கம் லாரி தூசி பாப்பா, கொழந்தைக்கு இருமல் வந்துடும். இங்கதான் ரொம்ப பத்திரம்” என்றாள் அத்தை.

குடிலைப் பிரித்தார்கள். மணல் சிற்றாலய முற்றத்தில் குவியலாகக் கிடந்தது. ஞாயிறு வர இன்னும் நாள் இருந்தது. தினமும் வேனிலிருந்து இறங்கியதும் முதலில் ஓடிப்போய் தூளி ஆடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஸ்கூல் பையில் மணல் அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட ஆரம்பித்தேன். பைக்கு எவ்வளவு கொள்ளும்? கொட்டியதைக் கண்ணால் தேட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நெற்றியில் சுடுதண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு, காய்ச்சல் என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மதியம் மந்தாரக்குப்பம் கடைக்குப் போனாள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அத்தை உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மணலில் மண்டியிட்டு, கொட்டியதைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தேன்.

மேட்டில் யாரோ கத்தினார்கள். நிமிர்ந்தேன். மூன்று வேகன்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. கரி ஏற்றிய வேகன்கள், முன்னால் இன்ஜின் இல்லை, பக்கத்தில் மனிதர் இல்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்கிற கட்டையை யாரோ எடுத்திருக்கிறார்கள். சத்தம் வரும், ஓடித் தப்பிக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. எழுந்து ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் மணலைவிட்டு வரவில்லை.

அப்பா கொட்டகையிலிருந்து வெளியே ஓடிவந்தார். குண்டு இடது பக்கம் விழுந்து கிடந்தது, அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சும்மா நின்றால் போதும், வேகன்கள் மொட்டை லைனுக்கு வந்துவிடும். அதற்குத்தானே அந்த லைன்.

அவர் வேகன்களைப் பார்த்தார். திரும்பி மொட்டை லைனைப் பார்த்தார். அங்கே மணலில் நான் இருந்தேன்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. நம் வேன் ஹாரன்தான். கிராசிங் வருவதற்கு முன்னால் டிரைவர் அண்ணன் இரண்டு தடவை அழுத்துவாரே, அது. தினமும் அதைக் கேட்டுத்தான் அப்பா, பாப்பா வந்தாச்சு என்று கொட்டகையிலிருந்து எழுந்து வந்து எனக்குக் கையாட்டுவார். தூரத்தில் இருந்த எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

பிறகு அவர் குண்டைத் தூக்கி வலது பக்கம் தள்ளினார். தள்ளி, அதன்மேல் மார்பை வைத்துப் படுத்துக்கொண்டார். மூன்று வேகன்களும் அவரைத் தாண்டி, என்னைவிட்டு விலகி, வளைவில் திரும்பிப் போயின. கடைசி வேகன் தாண்டியதும் அவர் லீவரை விட்டுவிட்டு, “வேனு! வேனு!” என்று அலறிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினார். என் அப்பா அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று தண்டவாளத்தில் கிடந்தது.

அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும். வேகன்கள் உங்களைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து ஏற்றத்தில் வேகம் குறைந்து நின்றுவிட்டன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

இருட்டுவதற்குள் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து பழையபடி மேடு கட்டிவிட்டார்கள். மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் மொட்டை லைனைப் பார்த்தார்கள். மணல் அழகாக இருந்தது. குண்டு தானாக விழுந்திருந்தால் வேகன் இங்கே வந்து நின்றிருக்கும், பிறகு எப்படி கிராசிங்குக்குப் போனது என்று கேட்டார்கள். கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். அப்பா கைகட்டிக்கொண்டு சொன்னார்.

“கம்பி போட்டுக் கட்டிவெச்சிருந்தேங்க. அவுக்க மறந்துட்டேன்.”

மற்ற ஷிப்ட் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாரும் செய்கிற காரியம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றே அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் டவுன்ஷிப்பிலிருந்து பெற்றோர்கள் சிலர் வந்தார்கள். உங்களில் ஒருத்தியின் அப்பா என் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். யார் என்று எழுதமாட்டேன். அவரை நான் குறை சொல்லவில்லை. அப்பா கையை உயர்த்தவில்லை. நான் உள்ளே போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன், அப்போது எனக்கு உண்மையாகவே காய்ச்சல். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அப்பா வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கெழம நீ வூட்லதான் படுத்துகினு இருந்த. ஜொரம். புரிதா?” என்றார்.

அதன் பிறகு நாங்கள் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டோம். அப்பா ரைஸ்மில்லில் வாட்ச்மேன் ஆனார். அம்மாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. கையில் பணம் இல்லாத நாளெல்லாம், “ஒரு கம்பிய அவுக்க துப்பில்ல உனக்கு” என்று ஆரம்பிப்பாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அத்தை மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள், ரன்னிங் ரேஸில் கப் வாங்குகிறாள். அவளைப் பார்க்கும்போது நடந்ததெல்லாம் சரி என்று தோன்றும். உங்கள் குழந்தைகளின் போட்டோக்களை குரூப்பில் பார்க்கும்போது அப்படித் தோன்றாது. வாந்தி எடுத்தவளின் இரட்டையர் பிறந்தநாள் போட்டோவைப் பார்த்துவிட்டு நான் போனை அணைத்துவிட்டேன். அன்று அவளுக்கு வயிறு நன்றாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் இல்லை.

வேகன்களுக்குப் பயப்படுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாகப் பயந்தது உங்களுக்குத்தான். பன்னிரண்டு பேர் வேனில் வருகிறார்கள் என்று தெரிந்தே என் அப்பா வேகன்களை உங்கள் பக்கம் திருப்பினார். மறதி இல்லை, சோம்பல் இல்லை. என்னையும் தூளியையும் பார்த்தார், உங்கள் ஹாரனைக் கேட்டார், கையை வைத்தார். அந்த மணலை எடுக்கச் சொன்னது நான். சத்தியமாகப் போகாதே என்று அவர் சொல்லியும் அங்கே போய் நின்றது நான்.

நேற்று அவரிடம் இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். “எழுதாத பாப்பா” என்றார். “சோம்பேறின்னா ஒருநாள் இல்லன்னா ஒருநாள் மன்னிச்சிடுவாங்க. இத மன்னிக்க மாட்டாங்க.”

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதிவிட்டேன். நம் சந்திப்புக்கு நான் வரும்போது அவரையும் அழைத்து வருகிறேன். வரமாட்டேன் என்கிறார், இழுத்துக்கொண்டாவது வருவேன். உங்களில் யாருக்காவது, உங்கள் அப்பா அம்மாவுக்காவது, அவரை அறைய வேண்டும் என்று தோன்றினால், இந்த முறை அவர் செய்தது எதுவோ அதற்காக அறையுங்கள். நான் வீட்டுக்குள் படுத்திருக்க மாட்டேன். அவர் பக்கத்தில் நிற்பேன்.